ரேஸ் டென்ஷனரா, கம்பெனி டென்ஷனரா? கடற்கரை ரோட்டில் ஓடும் வண்டிக்கு எது சரி

இன்ஜினுக்குள் வால்வை இயக்குகிற டைமிங் செயின் தொய்யாமல் தள்ளிப் பிடித்திருக்கும் சின்ன சாமான்தான் டென்ஷனர். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் படித்துக்கொள்ளுங்கள். தினமும் வேலைக்கும் கடைத்தெருவுக்கும் போய்வந்து, லீவு நாளில் ராமேஸ்வரம், தொண்டி என்று ஒரு சுற்று அடிக்கிற வண்டிக்கு, கம்பெனி கொடுத்த, தானாகவே சரிசெய்துகொள்ளும் ஆட்டோ டென்ஷனரையே புதிதாக வாங்கிப் போடுவதுதான் சரி. கையால் திருகி வைக்கிற மேனுவல் டென்ஷனர், அதாவது ரேஸ் டென்ஷனர், நல்ல பொருள். ஆனால் அதை வாங்குகிறவர் அதோடு ஒரு வேலையையும் சேர்த்தே வாங்குகிறார், அந்த வேலையை விடாமல் செய்ய ஆள் இருக்கிற வண்டிக்குத்தான் அது பொருந்தும். மூன்றாவதாக, பழைய டென்ஷனரை லேத்தில் கொடுத்து ஓட்டை போட்டு போல்ட் ஏற்றுகிற வழி ஒன்று இருக்கிறதே, அது யாருக்கும் வேண்டாம்.

இந்தக் கேள்வி நம்ம பக்கத்துப் பையன்களிடம் அடிக்கடி வருகிறது. செகண்ட் ஹேண்டில் ஒரு 150 அல்லது 200 சிசி வண்டி வாங்கியிருப்பார்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் இன்ஜினுக்குள் கரகரவென்று சத்தம். உச்சிப்புளியிலோ கீழக்கரையிலோ யாராவது ஒரு அண்ணன் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "டைமிங் செயின் தம்பி, மேனுவல் டென்ஷனர் ஒண்ணு வாங்கிப் போட்டுரு, ரேஸ் வண்டிக்கெல்லாம் அதான்" என்று சொல்லியிருப்பார். சொன்னதில் பாதி உண்மை. ரேஸ் வண்டிக்கு அதைத்தான் போடுகிறார்கள். ஏன் போடுகிறார்கள் என்ற மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை.

பழைய புல்லட், பழைய கிளாசிக் 350 வைத்திருப்பவர்கள் இதைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை, அந்த இன்ஜினில் கேமை, அதாவது வால்வைத் திறந்து மூடும் தண்டை, ஓட்டுவது பல்சக்கரம், டைமிங் செயினே கிடையாது. 2020 கடைசியில் மீட்டியர் 350 வந்தபோதுதான் அந்த 350 வரிசையில் மேலே கேமும் அதற்கொரு செயினும் வந்தன. ஹிமாலயன் 411ல் அதற்கு முன்பே உண்டு.

சரி, செயின் என்ன செய்கிறது என்று பார்ப்போம், அது புரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கீழே பிஸ்டன் சுற்றிவிடும் கிராங்க், மேலே சிலிண்டரின் தலையான ஹெட்டில் கேம். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. வால்வு எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதைப் பிஸ்டனோடு கட்டிப்போடுவது இந்தச் சின்னச் செயின். ஒரு பக்கம் கிராங்க் இழுத்துக்கொண்டே இருப்பதால் அந்தப் பக்கச் செயின் விறைப்பாக இருக்கும், அங்கே அசையாத கைடு ஒன்று, அதாவது செயின் உரசி ஓடுகிற பட்டை, நிற்கும். மறுபக்கம் செயின் தொய்வாக மேலே ஏறும். அங்கே வளைந்த கைடு ஒன்று, அதன் முதுகைத் தள்ளிப் பிடித்திருப்பது டென்ஷனர். கிலோமீட்டர் ஏற ஏறச் செயினின் பின்கள் தேயும், கைடின் மேல்பூச்சும் தேயும், தொய்வு கூடும். டென்ஷனர் அந்த அளவுக்கு முன்னால் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

வராவிட்டால்? முதலில் சத்தம். அப்புறம் செயின் பல் தாண்டும். கேம் சக்கரத்தில் 32 பல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பல் தாண்டினால் கேம் 11 டிகிரிக்கு மேல் பிசகிவிட்டது, கிராங்க் கணக்கில் 22 டிகிரிக்கு மேல். வண்டி இழுக்காது, ஸ்டார்ட் ஆகத் திணறும். இன்னும் ஒன்றிரண்டு பல் தாண்டினால் திறந்திருக்கும் வால்வைப் பிஸ்டன் போய் இடிக்கும். வால்வு வளைந்தால் ஹெட்டை இறக்கியே ஆக வேண்டும். சில நூறு ரூபாய் சாமான் ஒன்று சரியாக வேலை செய்யாததால் வருகிற செலவு அது.

ஆட்டோ டென்ஷனரில் மூன்று வகையைத்தான் பெரும்பாலும் பார்ப்பீர்கள். பல் வகை, திருகு வகை, ஆயில் வகை. ஸ்பிளெண்டர், சிடி 100 மாதிரிப் படுத்த இன்ஜினில் கீழிருந்து மேலே தள்ளுகிற தண்டும் ஸ்பிரிங்கும் இருக்கும், அது தனிக் கதை, அதற்கு ரேஸ் டென்ஷனர் கேட்டு யாரும் வருவதில்லை.

பல் வகையைக் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள், அதன் குணம் உடனே தெரியும். சுண்டுவிரலை விடச் சின்னதாக ஒரு தண்டு, அதன் ஒரு பக்கத்தில் சாய்வாக வெட்டிய பற்கள். குட்டியாக ஒரு நாக்கு ஸ்பிரிங்கின் தயவில் அந்தப் பல்லின் மேல் படுத்திருக்கும். நகத்தால் நாக்கைத் தூக்கினால்தான் தண்டு உள்ளே போகும். விட்டால் டிக் டிக் என்று வெளியே வரும், அப்புறம் கட்டைவிரலால் எவ்வளவு அமுக்கினாலும் திரும்பாது. ஆனால் அப்படி அமுக்கும்போது முடி அளவுக்கு ஒரு ஆட்டம் இருப்பது தெரியும். பலர் இதைப் பார்த்துவிட்டு "லூஸா இருக்குண்ணே, தேஞ்சு போச்சு" என்பார்கள். அந்த ஆட்டம் வேண்டுமென்றே விட்டது. இன்ஜின் சூடாகும்போது செயின் இறுகும், அதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

இதன் குறையும் அந்தப் பல்லில்தான் இருக்கிறது. தேய்மானம் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் நிற்கும் காலத்தில், தண்டு அடுத்த பல்லைப் பிடிக்க முடியாமல் செயின் கொஞ்சம் தளர்ந்தே ஓடும், சத்தம் வரும். இன்னும் கொஞ்சம் தேய்ந்ததும் அடுத்த பல் விழும், சத்தம் தானாக நின்றுவிடும். "சத்தம் வந்துச்சு, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுனேன், தானா சரியாயிடுச்சு" என்று சிலர் சொல்வதற்கு இதுதான் காரணம். மந்திரம் எதுவும் இல்லை.

திருகு வகையில் உள்ளே ஒரு சுருள் ஸ்பிரிங் மரையைத் திருப்பிக்கொண்டே தண்டை வெளியே தள்ளும். பின்பக்கச் சின்ன போல்ட்டைக் கழற்றினால் உள்ளே ஸ்க்ரூ டிரைவர் போடும் வெட்டு தெரியும், அதைத் திருப்பித்தான் தண்டை உள்ளே இழுப்பார்கள். பல் இல்லாததால் தேய்மானத்தை இடைவெளி இல்லாமல் தொடர்ந்து வரும். ஸ்பிரிங் சோர்ந்தாலோ மரை தேய்ந்தாலோ பின்வாங்க ஆரம்பிக்கும். ஆயில் வகையில் இன்ஜின் ஆயிலின் அழுத்தமே தண்டைத் தள்ளுகிறது, அதனால் ஸ்டார்ட் செய்த முதல் சில விநாடிகள் ஆயில் வந்து சேரும் வரை கரகரப்பு கேட்கலாம். ஆயில் அளவு குறைந்தாலோ, பழசாகி நீர்த்துப்போனாலோ அந்தச் சில விநாடி நீண்டுவிடும்.

ரேஸ் டென்ஷனரில் இதெல்லாம் எதுவுமே இல்லை. ஒரு அலுமினியக் கட்டை, அதில் மரை, மரைக்குள் ஒரு நீளப் போல்ட், வெளியே லாக் நட், ஆயில் கசியாமல் ஒரு வாஷர் அல்லது ஓ ரிங். போல்ட்டை எங்கே நிறுத்தினீர்களோ அங்கேயே நிற்கும். அதன் பலம் அதுதான், பலவீனமும் அதுதான்.

ரேஸ்காரருக்கு இது ஏன் வேண்டும்? சென்னைப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓடும் வண்டியை நினைத்துப் பாருங்கள். நேர்ரோட்டின் முடிவில் உச்சச் சுற்றில், சிவப்புக் கோட்டில் இருக்கும் இன்ஜின், ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மூடி இரண்டு மூன்று கியர் இறக்குகிறார்கள். கிராங்க் வேகம் சடாரென்று மாறும், மேலே சுற்றிக்கொண்டிருக்கும் கேம் அதே வேகத்தில் போகப் பார்க்கும், இழுவை பக்கம் மாறித் தொய்வுப் பக்கச் செயின் விறைத்துக்கொண்டு கைடையும் டென்ஷனரையும் ஓங்கி அடிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு வளைவிலும் இது நடக்கும். அதோடு பெரிய கேமும் விறைப்பான வால்வு ஸ்பிரிங்கும் போட்டிருந்தால் அடி இன்னும் பலம். ஸ்பிரிங்கை நம்பி இருக்கும் டென்ஷனர் அந்த அடியில் பின்வாங்கலாம், பல் வகையானால் தேவையில்லாமல் ஒரு பல் கூடுதலாக முன்னேறிச் செயினை இறுக்கிவிடலாம். அசையாத போல்ட் இரண்டையும் செய்யாது.

அதே வண்டிக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது, அதைத்தான் மறந்துவிடுகிறோம். ரேஸ் முடிந்து வந்ததும் மெக்கானிக் பக்கத்திலேயே நிற்கிறார். இன்ஜினை அடிக்கடி திறந்து பார்க்கிறார்கள். செயின் எவ்வளவு தேய்ந்தது, போல்ட்டை எவ்வளவு உள்ளே விட வேண்டும் என்று பார்த்துச் செய்ய ஒரு ஆள் சம்பளத்துக்கு இருக்கிறார். ஆட்டோ டென்ஷனரின் தண்டு செய்யும் வேலையை அங்கே அந்த மனிதர் செய்கிறார்.

இப்போது நம்ம ரோட்டுக்கு வாருங்கள். தொண்டியிலிருந்து தேவிபட்டினம், ராமநாதபுரம், ஏர்வாடி, சாயல்குடி வரை கிழக்குக் கடற்கரைச் சாலை பெரும்பாலும் நேர்க்கோடு. பனையும் கருவேலமும் இரண்டு பக்கமும், ஆக்ஸிலேட்டர் ஒரே நிலையில், எதிர்காற்று அடித்தால் கொஞ்சம் கூடுதல். மாடு குறுக்கே வந்தால் பிரேக் பிடிப்போம், அவ்வளவுதான். டிராக்கில் செயினுக்கு விழும் அடியில் சிறு பங்குகூட இங்கே விழாது. ஆக ரேஸ் டென்ஷனர் எந்த நோய்க்கு மருந்தோ அந்த நோய் நம்ம வண்டிக்கு இல்லை.

சூடு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், மேனுவல் டென்ஷனர் போட்டுக் கெடுத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும். கிராங்குக்கும் கேமுக்கும் நடுவே 200 மில்லிமீட்டர் என்று வையுங்கள், இன்ஜின் 80 டிகிரி சூடாகிறது. அலுமினிய பிளாக்கும் ஹெட்டும் 0.37 மி.மீ. வாக்கில் வளரும், இரும்புச் செயின் அதே தூரத்துக்கு 0.19 வளரும். மிச்சம் 0.18 மி.மீ. அளவுக்குச் செயின் இழுபடுகிறது. கேட்கச் சின்னதாக இருக்கிறது, ஆனால் நீளவாக்கில் இவ்வளவு இழுபட்டால் பக்கவாட்டில் இருக்கும் தொய்வு அதைவிடப் பல மடங்கு குறையும். கயிற்றுக் கொடியின் ஒரு முனையைக் கொஞ்சம் இழுத்தாலே நடுவில் தொங்குவது எவ்வளவு மேலேறுகிறது, அதே கணக்கு.

ஆகவே காலையில் குளிர்ந்த இன்ஜினில் சத்தம் சுத்தமாக நிற்கும் வரை போல்ட்டை இறுக்கி வைத்தால், பத்து கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் செயின் வீணைக் கம்பி மாதிரி விறைத்துவிடும். ஓட்டுகிறவருக்கு எதுவும் தெரியாது, தெரிகிற ஒரே விஷயம் இன்ஜின் அமைதியாக ஓடுகிறது என்பதுதான், அவருக்குச் சந்தோஷம். உள்ளே கைடு அறுபட்டுக்கொண்டிருக்கும். இப்படி இறுக்கி ஓட்டிய வண்டியின் கைடு ஒன்றைப் பார்த்திருக்கிறேன்: செயினின் இரண்டு ஓரப் பட்டைகளும் அதில் இணையாக இரண்டு கால்வாய் வெட்டியிருந்தன, ஓரிடத்தில் பூச்சு முழுக்கப் போய் உள்ளே இரும்பு தெரிந்தது, போன பூச்சு கறுப்புத் துணுக்குகளாக ஆயில் ஜல்லடையில் உட்கார்ந்திருந்தது. ஜல்லடை அடைத்தால் ஆயில் மேலே ஏறாது, கேம் ஓடும் இடம் வறண்டு தேயும். சத்தம் போட்டுக்கொண்டு ஓடிய செயினைவிட அமைதியாக ஓடிய இந்தச் செயின்தான் அதிகம் கெடுத்திருந்தது.

நம்ம ஊருக்கு இதில் ஒரு சாதகம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். மார்கழிக் காலைக்கும் சித்திரை மதியத்துக்கும் இங்கே வித்தியாசம் மலைநாட்டில் இருப்பது மாதிரி இல்லை. ஒருமுறை சரியாக வைத்த இடைவெளி வருடம் முழுக்க ஓரளவு அப்படியே இருக்கும்.

ஆனால் கடல் அந்தச் சாதகத்தைத் திருப்பி வாங்கிக்கொள்கிறது. வாடைக் காற்று அடிக்கிற ஐப்பசி, கார்த்திகையில் பாம்பன் ரோட்டுப் பாலத்தில் ஒருமுறை போய்வந்தாலே ஹெல்மெட் கண்ணாடியில் உப்புப் படிந்திருக்கும். 1988ல் திறந்த பாலம் அது, 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம், அவ்வளவு தூரமும் கடலுக்கு மேலேதான். 2017ல் அரிச்சல்முனை வரை ரோடு திறந்த பிறகு தனுஷ்கோடிக்கு வண்டியில் போவது எல்லாருக்கும் வழக்கமாகிவிட்டது, அங்கே இரண்டு பக்கமும் கடல், ரோட்டின் மேலே மணல். கம்பெனி டென்ஷனரின் தண்டு, ஸ்பிரிங், பல் எல்லாம் இன்ஜினுக்குள் ஆயிலில் குளித்துக்கொண்டிருக்கும், உப்புக்கு அங்கே வேலை இல்லை. ரேஸ் டென்ஷனரில் திருக வேண்டிய மரையும் லாக் நட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அலுமினியக் கட்டைக்குள் இரும்பு போல்ட், இரண்டுக்கும் நடுவே உப்பு ஈரம். இரண்டு வேறு உலோகம் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் கரையும், படகு வைத்திருப்பவர்களுக்கு இது புதிதில்லை. மரை வாயில் முதலில் வெள்ளையாகப் பொடி பூக்கும். ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் போல்ட் கட்டையோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அரைத் திருப்பு திருக வேண்டிய நாளில் ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால், ஒன்று திரும்பவே திரும்பாது, அல்லது மரையையும் சுரண்டிக்கொண்டு வரும். சரிசெய்ய முடியாத மேனுவல் டென்ஷனரால் என்ன பயன்?

இதற்கு வழி இல்லாமல் இல்லை. விசைப்படகுக்குப் போடுகிற, தண்ணீரில் கரையாத கிரீஸை வெளி மரையில் தடவி, மேலே ஒரு ரப்பர் மூடி போட்டு, வண்டி கழுவும்போதெல்லாம் நல்ல தண்ணீரில் அந்த இடத்தையும் அலசினால் தாங்கும். செய்வீர்களா என்பதுதான் கேள்வி.

இன்னொரு விஷயம், இது வண்டியைப் பற்றியது என்பதைவிட வீட்டைப் பற்றியது. கீழக்கரை, தொண்டி, பனைக்குளம் பக்கமெல்லாம் வண்டி ஒருவர் பேரில் இருக்கும், ஓட்டுவது இன்னொருவர். வாங்கியவர் துபாயிலோ சவூதியிலோ இருப்பார். லீவில் வந்தால் இரண்டு மாதம் ஓட்டுவார், போகும்போது சாவியைத் தம்பியிடமோ மச்சானிடமோ கொடுத்துவிட்டுப் போவார். ஆசையாக ரேஸ் டென்ஷனர் போட்டவருக்கு அந்தப் போல்ட்டின் கதை தெரியும். தம்பிக்குத் தெரியாது. அவன் பெட்ரோல் போடுவான், ஓட்டுவான், சத்தம் கேட்டால் "எப்பவும் இப்படித்தான் இருக்கும்போல" என்று ஓட்டுவான். செயின் தேய்ந்துகொண்டே போகும், போல்ட் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆட்டோ டென்ஷனர் யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்காது, தேய்ந்த அளவுக்குத் தானாக முன்னால் வரும். வண்டி கை மாறுகிற வீட்டுக்கு என்னைக் கேட்டால் இந்த ஒரு காரணமே போதும்.

லேத் வேலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பழைய டென்ஷனரின் உள்சாமானை எடுத்துவிட்டு, பின்னால் துளைத்து மரை போட்டு, ஒரு போல்ட்டும் நட்டும். மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் படகு ஷாஃப்ட் கடைகிற லேத்காரர்கள் கை சுத்தமானவர்கள், மரை ஒழுங்காகத்தான் போடுவார்கள். சிக்கல் சாமானில் இருக்கிறது. அந்த வார்ப்பு அலுமினியம் மெல்லியது, மரை பிடிக்கத் தேவையான தடிமன் அதில் கிடையாது. போல்ட்டின் நுனி கைடின் முதுகில் நேராக உட்கார வேண்டும், கோணம் கொஞ்சம் பிசகினால் ஒரு ஓரத்தில் குத்தும். ஆயில் கசிவு தனி. ரேஸ் டென்ஷனரின் எல்லாச் சங்கடமும் இதில் உண்டு, அதன் உறுதி மட்டும் இல்லை. ஸ்பிரிங்குக்குப் பின்னால் வாஷர் கொடுத்து விறைப்பாக்குவதும் இதே ரகம்தான், சத்தத்தை அமுக்கும், கைடைத் தின்னும்.

டென்ஷனரை மாற்றுவதற்கு முன்னால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன், கேட்பவர்கள் குறைவு. வால்வு இடைவெளி கூடினால் வரும் டாப்பெட் சத்தம் டிக் டிக் என்று எண்ணக்கூடிய மாதிரி சீராக வரும். டைமிங் செயின் சத்தம் கரகரவென்று இழுவையாக, செயின் பெட்டி இருக்கும் பக்கம் பலமாகக் கேட்கும். ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு விடும்போது, சுற்று இறங்குகிற நேரத்தில் கூடும். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை டென்ஷனர் மேல் வைத்து, கைப்பிடியைக் காது எலும்பில் வைத்துக் கேளுங்கள், ஹெட் மூடியில் வைத்து ஒருமுறை கேளுங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும். அதற்கும் முன்னால் ஆயில். அளவு பாருங்கள், எப்போது மாற்றியது என்று பாருங்கள். மாதக்கணக்கில் நின்றிருந்த வண்டியானால் ஆயிலை மாற்றிவிட்டே பேசுங்கள், கடற்கரைக் காற்றின் ஈரம் ஆயிலிலும் இறங்கும். ஆயிலை மாற்றியதோடு சத்தம் நின்ற வண்டிகளும் உண்டு.

தண்டு ஏற்கெனவே கடைசிப் பல் வரை வெளியே வந்திருந்தால் கதை முடிந்தது, தேய்ந்தது செயினும் கைடும். அந்த வண்டிக்கு மேனுவல் டென்ஷனர் போட்டால் போல்ட் நீளமாக இருப்பதால் இன்னும் கொஞ்சம் தள்ளும், சத்தம் நிற்கும், ஆனால் தேய்ந்த செயினில் டைமிங் ஏற்கெனவே கொஞ்சம் பின்தங்கிவிட்டது, அறுந்தால் மொத்த ஹெட்டும் போகும். செயின், இரண்டு கைடு, டென்ஷனர் என்று செட்டாக மாற்றுவதுதான் அதற்கு வைத்தியம்.

சரி, மேனுவல் யாருக்குத்தான் பொருந்தும்? கம்பெனி டென்ஷனரே பலவீனம் என்று பெயர் வாங்கிய வண்டிகள் உலகத்தில் உண்டு. ஹோண்டாவின் விடிஆர் 1000 எஃப் அதில் பிரபலம், 1990களின் கடைசியில் வந்த அந்த வி ட்வின்னில் டென்ஷனர் ஸ்பிரிங் உடைந்து செயின் தளர்ந்து இன்ஜினே போனதாக உலகம் முழுக்க ஓட்டுநர்கள் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஏபிஇ என்ற கம்பெனி செய்யும் மேனுவல் டென்ஷனரை ரோட்டு வண்டியிலும் போடும் வழக்கம் பரவியதற்கு அந்த மாதிரி வண்டிகள் ஒரு காரணம். பழைய பெரிய வண்டி, கம்பெனி சாமான் கிடைப்பதே கஷ்டம், ஓட்டுவதும் ஸ்பேனர் பிடிப்பதும் ஒரே ஆள் என்றால் மேனுவல் நியாயமான தேர்வு, நானும் அதையே போடுவேன். டிராக்குக்கு வண்டியை எடுத்துப் போகிறவருக்கும் அப்படியே. அவர்கள் இன்ஜின் சத்தத்தைக் காதால் படிக்கத் தெரிந்தவர்கள்.

அப்படிப் போடுகிறவர்களுக்கு முறை இது. பிஸ்டனைக் கம்ப்ரஷனில் மேல்புள்ளிக்குக் கொண்டுவந்து நிறுத்தி, கிராங்கிலும் கேமிலும் இருக்கும் டைமிங் குறிகளைச் சரிபார்த்த பிறகே பழைய டென்ஷனரைக் கழற்றுங்கள். டென்ஷனர் வெளியே இருக்கும்போது கிராங்கைத் திருப்பாதீர்கள், பின்பக்கமாகத் திருப்பவே கூடாது, தொய்வு பக்கம் மாறிப் பல் தாண்டும். புதியதை மாட்டி, போல்ட்டை ஸ்பேனர் இல்லாமல் விரலால் கைடைத் தொடும் வரை விடுங்கள். கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று முன்பக்கமாகச் சுற்றி, குறிகள் மறுபடி ஒன்றுசேர்கின்றனவா, எங்காவது முட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு ஸ்டார்ட் பண்ணி நன்றாகச் சூடாகட்டும், ஒரு ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தாலும் சரி. ஐடிலில் வைத்துப் போல்ட்டை மெதுவாக வெளியே விடுங்கள், கரகரப்பு லேசாகத் தலைகாட்டும். அங்கிருந்து அது மறையும் வரை உள்ளே, அதற்கு மேல் அரைக்கால் திருப்பு, போதும். எட்டு மில்லி சாதாரண மரை போல்ட்டில் ஒரு திருப்புக்கு 1.25 மி.மீ., அரைக்கால் என்றால் 0.16 மி.மீ. வரும். லாக் நட்டை இறுக்கும்போது போல்ட் கூடவே திரும்பாமல் இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் குளிர்ந்த இன்ஜினில் கொஞ்சம் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம், சூடானதும் போக வேண்டிய சத்தம் அது. அதையும் போக்கிவிடலாம் என்று கை வைத்தால்தான் மேலே சொன்ன கால்வாய் வெட்டு.

அதன் பிறகு ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் கேட்டுப் பார்க்க வேண்டும். லாக் நட்டில் பெயின்டால் ஒரு கோடு போட்டு வைத்தால் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தவுடன் தெரியும்.

கம்பெனி டென்ஷனரே போதும் என்று முடிவெடுத்தவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு, இது பல் வகைக்கு முக்கியம். டென்ஷனரின் இரண்டு போல்ட்டையும் பாதி தளர்த்திவிட்டு, "சரி வேண்டாம்" என்று திரும்ப இறுக்கிவிடக் கூடாது. தளர்த்திய இடைவெளிக்குள் தண்டு ஒரு பல் முன்னால் வந்திருக்கும், திரும்ப இறுக்கும்போது அது பின்வாங்காது, செயின்மேல் ஏறி இறுக்கும். தொட்டால் முழுசாக வெளியே எடுங்கள், நாக்கைத் தூக்கித் தண்டை உள்ளே தள்ளி, மாட்டிய பிறகு வெளியே விடுங்கள். கசிவு பார்க்க லேசாகத் தளர்த்திய மெக்கானிக் கையில் இப்படிக் கெட்ட வண்டி நம்ம பக்கத்திலேயே உண்டு.

வாங்கும்போது வண்டியின் மாடலோடு வருடத்தையும் சொல்லி வாங்குங்கள், ஒரே பெயரில் வருகிற வண்டிக்குக் கம்பெனியே டென்ஷனரை நடுவில் மாற்றியிருக்கும், பிந்தியது பெரும்பாலும் முந்தியதைவிடத் தேவலாம். ராமநாதபுரத்தில் கிடைக்காவிட்டால் மதுரையில் சொல்லி வைத்தால் பஸ்ஸில் போட்டு அனுப்புவார்கள். டூப்ளிகேட்டில் ஸ்பிரிங் சீக்கிரம் சோர்ந்துவிடும், இந்த ஒரு சாமானில் மிச்சம் பிடிக்க வேண்டாம். கேஸ்கட்டையும் அந்தப் பின்பக்கப் போல்ட்டுக்கான ஓ ரிங்கையும் கூடவே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதற்காக இன்னொரு நாள் வண்டியைப் பிரித்துப்போட்டபடி காத்திருக்க வேண்டியிருக்காது.